வீட்டுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்: விலை எவ்வளவு, பயன் எவ்வளவு?

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஸ்டுட்கார்ட் நகரில் வீட்டு உபயோகத்துக்கென ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்க விரும்பும் ஒருவர் 10 யூரோ கொடுத்தும் அதை வாங்கலாம். 300 யூரோவுக்கு மேல் கொடுத்தும் வாங்கலாம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காதில் பொருத்த இரு முனைகள், வளையும் தன்மையுள்ள ஒரு குழாய், மார்பின் மீது வைக்க வட்டமான ஒரு தலைப்பகுதி, இவ்வளவுதான் கருவி.

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்கருவியை வாங்கும் எண்ணம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் எழுகிறது. வயதான பெற்றோரின் இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே கண்காணிக்க வேண்டும் என்பது ஒன்று. குழந்தைக்கு அடிக்கடி வரும் சளியையும் இழுப்பையும் மருத்துவரிடம் செல்வதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை மற்றொன்று.

1980களில் இலங்கைப் போரின் காரணமாக ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த தலைமுறையினர் பலர் இப்போது ஓய்வூதிய வயதை எட்டியுள்ளனர். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஒப்பீட்டளவில் இளம் வயதிலேயே ஏற்படுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007ஆம் ஆண்டு வெளியானது. தெற்காசியாவில் முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53 என்றும், பிற நாடுகளில் அது 59ஐ ஒட்டி இருந்தது என்றும் அதில் தெரியவந்தது. ஆகவே, வீட்டில் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே.

ஆனால் அதற்கு ஸ்டெதஸ்கோப் ஏற்ற கருவியா என்பது வேறு கேள்வி. கடையில் கொடுக்கும் விலை இச்செலவின் சிறு பகுதி மட்டுமே. காதில் விழும் ஒலியின் பொருளை அறியும் பயிற்சி கடையில் கிடைப்பதில்லை. அப்பயிற்சி பெற்றவர் எவரும் இல்லாத வீட்டுக்கு, அதே பணத்தில் கிடைக்கும் தானியங்கி இரத்த அழுத்தமானி கூடுதல் பயன் தரும்.

விலைப் பட்டியல் சொல்வது என்ன?

சந்தையில் உள்ள ஸ்டெதஸ்கோப்களை விலை அடிப்படையில் பல வகையாகப் பிரிக்கலாம். இணைய விற்பனை நிலையங்களிலும், ஜெர்மனியில் 'ஸானிட்டேட்ஸ்ஹவுஸ்' எனப்படும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் 10 முதல் 25 யூரோ வரையிலான எளிய கருவிகள் கிடைக்கின்றன. இரத்த அழுத்தம் பார்க்கும்போது முழங்கையின் உள்மடிப்பில் கேட்கும் ஒலியை அறிய இவை போதுமானவை.

ஜெர்மனியில் பெயர்பெற்ற நிறுவனங்களின் இருமுகத் தலை கொண்ட கருவிகள் ஏறத்தாழ 30 முதல் 70 யூரோ வரை விற்கப்படுகின்றன. மருத்துவ மாணவர்களும் தாதியரும் பரவலாகப் பயன்படுத்தும் லிட்மன் கிளாசிக் வகை 100 யூரோவை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. இதயநோய் மருத்துவர்களுக்கென வடிவமைக்கப்பட்டவை 200 யூரோ அளவிலும், ஒலியைப் பெருக்கிப் பதிவு செய்யும் எலக்ட்ரானிக் கருவிகள் அதைவிட அதிக விலையிலும் விற்பனையாகின்றன.

கருவி மருத்துவ உபகரணமாக விற்கப்படுமானால் அதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சி.ஈ. குறி இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மே 26 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய மருத்துவ உபகரண ஒழுங்குமுறையின் கீழ், சாதாரண ஸ்டெதஸ்கோப் ஆபத்து மிகக் குறைந்த முதலாம் வகுப்பில் அடங்குகிறது. சட்டத்துக்கு இணங்கத் தயாரிக்கப்பட்டது என்பதையே அக்குறி சொல்கிறது. அதைப் பயன்படுத்துபவருக்கு ஒலியின் பொருள் விளங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ரெனே லென்னெக் 1816ஆம் ஆண்டு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து இக்கருவியின் வரலாறு தொடங்குகிறது. பின்னர் அவர் மரக்குழாயைப் பயன்படுத்தினார். இரு காதுகளாலும் கேட்கக்கூடிய வடிவத்தை அயர்லாந்து மருத்துவர் ஆர்தர் லீரெட் 1851இல் அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கம்மன் அதை வணிகத்துக்கு ஏற்ற வகையில் செம்மைப்படுத்தினார்.

இன்று உலகெங்கும் காணப்படும் வடிவத்துக்கு முக்கியக் காரணமானவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இதயநோய் மருத்துவர் டேவிட் லிட்மன். எடை குறைந்த, குழாய் நீளம் குறைந்த ஒரு கருவியை அவர் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்தார். அவரது நிறுவனத்தை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1967இல் வாங்கியது. 2024இல் 3எம் தனது மருத்துவப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது, லிட்மன் பெயரும் புதிய சால்வென்டம் நிறுவனத்திடம் சென்றது.

விலை கூடிய கருவியில் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவையே. தலைப்பகுதியின் உலோகம், குழாய்ச் சுவரின் தடிமன், ஜவ்வின் அமைப்பு, காதுமுனை இறுக்கமாகப் பொருந்துவது ஆகியவை வெளி இரைச்சலைக் குறைத்து மெல்லிய ஒலியையும் காதுக்குக் கொண்டுவருகின்றன. இதய வால்வில் ஏற்படும் நுண்ணிய முணுமுணுப்பு ஒலியைப் பிரித்தறிய வேண்டிய மருத்துவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

எனினும் விலை முழுவதும் மூலப்பொருளுக்காக அல்ல என்பதைக் காட்டிய ஒரு முயற்சியும் உண்டு. கனடாவில் பணிபுரியும் பாலஸ்தீன வம்சாவளி மருத்துவர் தாரெக் லுபானியின் குழுவினர், கருவிகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காசாவை மனதில் கொண்டு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தயாரிக்கக்கூடிய ஸ்டெதஸ்கோப்பை வடிவமைத்தனர். அதன் தயாரிப்புச் செலவு சில டாலர்கள் மட்டுமே. அதன் ஒலித்திறன் லிட்மன் நிறுவனத்தின் இதயநோய்ப் பிரிவுக் கருவியுடன் ஒப்பிடத்தக்கது என்று 2018இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறியது.

தயாரிப்பு ஊரில் விலை குறைவா?

ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மருத்துவக் கருவித் தயாரிப்புக்குப் பெயர்பெற்றது. அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு உலகப் புகழ் பெற்ற டுட்லிங்கன் நகரம் இம்மாநிலத்தின் தெற்கில் உள்ளது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, யுங்கிங்கன் என்ற சிற்றூரில் மட்டும் இரண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. 1921இல் தொடங்கப்பட்ட 'போசோ' இரத்த அழுத்தமானிகளுக்கும், 1948இல் தொடங்கப்பட்ட 'ரீஸ்டர்' ஸ்டெதஸ்கோப் உள்ளிட்ட பரிசோதனைக் கருவிகளுக்கும் அறியப்பட்டவை. வடக்கே ஆஸ்பெர்க் நகரில் உள்ள 'காவே' நிறுவனத்தின் வரலாறு 1890இல் தொடங்குகிறது.

ஆனால் ஆலை அருகில் இருப்பதால் ஸ்டுட்கார்ட்வாசிகளுக்கு விலைச் சலுகை ஏதும் கிடைப்பதில்லை. ஜெர்மனி முழுவதும் சில்லறை விலையில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி அடங்கியுள்ளது. சக்கர நாற்காலி போன்ற சில உபகரணங்களுக்கு உள்ள 7 சதவீதச் சலுகை வரி ஸ்டெதஸ்கோப்புக்குப் பொருந்தாது.

இந்தியாவிலிருந்து வாங்கி வரலாம் என்று கருதுவோரும் உண்டு. அங்கு மருத்துவக் கருவிகள் பலவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்புகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வணிக முறையில் தபாலில் வரவழைக்கப்படும் பொருள் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், 2021 ஜூலை 1 முதல் அதற்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஒன்றியத்துக்குள் உள்ள இணையக் கடையில் வாங்கினால் பொதுவாக 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமையும், குறைபாடுகளுக்கு இரண்டு ஆண்டு சட்டப் பொறுப்பும் கிடைக்கும். வெளிநாட்டில் வாங்கிய கருவிக்கு இவற்றை எதிர்பார்க்க முடியாது. புகழ்பெற்ற பெயர்களில் போலிகள் விற்கப்படுவதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

காதில் விழுவது என்ன?

இரத்த அழுத்தத்தை அளக்க ஸ்டெதஸ்கோப் பயன்படும் முறை இரண்டு கண்டுபிடிப்புகளின் இணைப்பாகும். கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் காற்றடிக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் வெளியிட்டார். பட்டையின் காற்றை வெளியேற்றும்போது கை நாளத்தில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு அழுத்தத்தை அளக்கலாம் என்று ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரொட்கோவ் 1905இல் விளக்கினார். ஜெர்மனியில் மருத்துவக் குறிப்புகளில் இரத்த அழுத்தம் இன்றும் 'எர்-எர்' என்ற இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. அது ரிவா-ரோச்சியின் பெயர்ச் சுருக்கமாகும்.

இம்முறையில் பட்டையின் காற்றை நொடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் என்ற அளவில் மெதுவாக இறக்க வேண்டும். முதலில் கேட்கும் தட்டொலி மேல் அளவையும், ஒலி முற்றாக மறையும் இடம் கீழ் அளவையும் குறிக்கும். காற்றை வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகத் தெரியும். சிலருக்கு ஒலி நடுவில் மறைந்து மீண்டும் தொடங்கும். இதை அறியாதவர் அழுத்தத்தைப் பெரிதும் தவறாகக் கணிக்கக்கூடும். தன் கையில் தானே பட்டையைக் கட்டி, காற்றடித்து, காதிலும் கேட்பது எளிதல்ல என்பதால் பெரும்பாலும் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

முன்பு இதற்குப் பயன்பட்ட பாதரச அளவுமானிகள் இப்போது ஐரோப்பியக் கடைகளில் இல்லை. அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பது 2009இலும், மருத்துவப் பயன்பாட்டுக்கு விற்பது 2014இலும் தடை செய்யப்பட்டன. இப்போது கிடைப்பவை கடிகார முள் போன்ற முள் கொண்ட மானிகள். கீழே விழுந்தாலோ நாட்பட்டாலோ இவை பிழையான அளவைக் காட்டலாம். ஜெர்மனியில் மருத்துவமனைகளிலும் மருத்துவர்களிடமும் உள்ள இரத்த அழுத்தமானிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகின்றன. வீட்டில் உள்ள கருவிக்கு அத்தகைய கட்டாயம் இல்லாததால், பலர் அதைச் சரிபார்ப்பதே இல்லை.

வீட்டுக்கு ஏற்ற கருவி எது?

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் அளந்து பார்ப்பதற்கு, மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவிகளையே ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. இதற்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்வுகளைக் கருவியே உணர்ந்து எண்களாகக் காட்டிவிடும். ஜெர்மனியில் நம்பகமான கருவிகள் ஏறத்தாழ 30 முதல் 80 யூரோ வரை கிடைக்கின்றன.

இங்கு விலையைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, கருவி துல்லியத்துக்காகச் சோதிக்கப்பட்டதா என்பது. ஹைடல்பெர்க் நகரில் இயங்கும் ஜெர்மானிய உயர் இரத்த அழுத்தக் கழகம், தனது சோதனையில் தேறிய கருவிகளுக்கு முத்திரை வழங்குகிறது. மற்றொன்று, பட்டையின் அளவு. மேற்கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டையை வாங்க வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தை அதிகமாகவும், பெரிய பட்டை குறைவாகவும் காட்டும்.

அளக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியும் புகையும் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை வீதம், ஒரு வாரம் அளந்து எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பயனுள்ள பட்டியல் கிடைக்கும். வீட்டு அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தமாகக் கருதப்படுகிறது. மருத்துவரின் அறையில் அளக்கும்போது இந்த வரம்பு 140/90 ஆகும்.

ஜெர்மன் மொழியில் நோயை விவரிக்கத் தடுமாறும் முதியவர்களுக்கு இப்பட்டியல் மிகவும் உதவும். ஜெர்மனியின் சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு பொதுவாக மொழிபெயர்ப்பாளர் செலவை ஏற்பதில்லை. மகனோ மகளோ உடன் செல்ல முடியாத நாளிலும், தேதியும் நேரமும் எண்களும் எழுதிய ஒரு தாளை மருத்துவர் மொழிபெயர்ப்பின்றி வாசித்துவிட முடியும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட ஒலியை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது.

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ தனியே வாழும் பெற்றோருக்குக் கருவி வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எண்களைத் தொலைபேசியில் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கப்படுவதால், வீட்டுக் கருவி காட்டும் அளவை அப்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்ப்புண்டு.

காப்பீடு பணம் தருமா?

ஜெர்மனியில் மக்கள் தொகையில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் சட்டபூர்வ மருத்துவக் காப்பீட்டில் உள்ளனர். வீட்டுக்கென வாங்கும் ஸ்டெதஸ்கோப்புக்கு வழக்கமாகச் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டும். இரத்த அழுத்தமானி அவ்வாறல்ல. மருத்துவர் தேவையெனச் சீட்டு எழுதினால், நோயின் தன்மையைப் பொறுத்துக் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்கக்கூடும். அவ்வாறு ஏற்கும் உபகரணங்களுக்கு நோயாளி செலுத்த வேண்டிய பங்கு விலையில் 10 சதவீதம். குறைந்தது 5 யூரோ, அதிகபட்சம் 10 யூரோ. ஆகவே கருவியை வாங்கிய பின் கேட்பதைவிட, வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பதே நல்லது.

கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைகளும் உள்ளன. 35 வயதைக் கடந்த காப்பீட்டாளர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொது உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்கள், 2022 முதல், ஆண்டுக்கு ஒருமுறை இச்சேவையை வழங்கும் மருந்துக்கடையில் காப்பீட்டுச் செலவில் முறைப்படி அளந்துகொள்ளலாம். மருத்துவரைப் பார்க்கக் காலாண்டுக்கு 10 யூரோ செலுத்தும் முறையும் 2013 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது. எனவே மருத்துவச் செலவை மிச்சப்படுத்த ஸ்டெதஸ்கோப் வாங்குவதற்குச் சட்டபூர்வக் காப்பீடு உள்ளவர்களுக்குக் காரணம் அதிகமில்லை.

மௌனமும் ஆபத்தாகலாம்

குழந்தையின் மூச்சைக் கேட்பதற்காகக் கருவி வாங்கும் பெற்றோர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்கும்போது மார்பில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும். நோய் மிகவும் முற்றிக் காற்றோட்டமே குறைந்துவிட்டால் அந்த ஒலியும் அடங்கிவிடும். மருத்துவர்கள் இதை 'மௌன மார்பு' என்று அழைத்து, உயிருக்கு ஆபத்தான அறிகுறியாகக் கருதுகின்றனர். பயிற்சியற்ற காதுக்கு அதே மௌனம் நோய் தணிந்ததன் அடையாளமாகத் தோன்றக்கூடும்.

குழந்தை மூச்சு விடும் வேகம், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குவது, உதடு நீலம் பூப்பது, பேசவோ பால் குடிக்கவோ முடியாமை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே அறியலாம். இவை தென்பட்டால் கருவியைத் தேடாமல் ஜெர்மனியில் 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆகியவை அவசர ஊர்தி எண்கள். பெரியவர்களுக்கு ஏற்படும் நெஞ்சுவலிக்கும் இதுவே பொருந்தும். மாரடைப்பு நேரும்போதுகூட இதய ஒலி இயல்பாகவே கேட்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத உபாதைகளுக்கு, மருத்துவர்கள் இல்லாத வேளைகளில் ஜெர்மனியில் 116117 என்ற எண் உள்ளது.

எப்போது வாங்கலாம்?

வீட்டில் ஸ்டெதஸ்கோப் பயன்படும் சூழ்நிலைகளும் இல்லாமல் இல்லை. குடும்பத்தில் தாதியோ, மருத்துவ மாணவரோ, முதியோர் பராமரிப்புத் தொழில் கற்பவரோ இருந்தால் 30 முதல் 100 யூரோ வரையிலான கருவி பொருத்தமானது. இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களிடம் தானியங்கிக் கருவியின் அளவுகள் மாறி மாறி வரக்கூடும். அத்தகையோருக்கு மூன்று முறை அளந்து சராசரி காண்பது வழக்கம். காதால் கேட்டு அளக்கும் முறை வேண்டுமென்று மருத்துவர் கருதினால், குடும்பத்தினர் ஒருவர் அவரிடமோ தாதியிடமோ முறையாகக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு முள்மானியும் ஸ்டெதஸ்கோப்பும் சேர்ந்து ஏறத்தாழ 25 முதல் 60 யூரோவுக்குக் கிடைக்கின்றன. கற்றவர் அளந்த எண்ணையும் கற்பித்தவர் அளந்த எண்ணையும் சிலமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒலியைப் பதிவு செய்து கைபேசி வழியே மருத்துவருக்கு அனுப்பும் எலக்ட்ரானிக் கருவிகளும் வந்துள்ளன. அவற்றை வாங்கும் முன், தமது மருத்துவர் அத்தகைய பதிவுகளை ஏற்றுப் பார்ப்பாரா என்று கேட்டறிய வேண்டும். கேட்பவர் எவரும் இல்லையெனில், பல நூறு யூரோ கொடுத்து வாங்கிய பதிவுக்கும் பயனிருக்காது.

மற்றக் குடும்பங்களுக்குக் கணக்கு எளிது. சோதனை முத்திரை பெற்ற தானியங்கி இரத்த அழுத்தமானிக்கு 50 யூரோவை ஒட்டிய தொகை, ஒரு குறிப்பேடு, அளந்ததை மருத்துவரிடம் காட்ட ஒரு சந்திப்பு. ஏற்கெனவே வீட்டில் கருவி இருப்பவர்கள் அடுத்த சந்திப்புக்கு அதையும் எடுத்துச் சென்று, மருத்துவரின் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.